எம், நும், நம்: அறைகூவலின் இலக்கண வரலாறு

ஆங்கிலத்தில் 'த்ரோ டவுன் த காண்ட்லெட்' என்றொரு தொடர் உண்டு. எதிராளியை வெளிப்படையாகப் போருக்கோ போட்டிக்கோ அழைத்தல் என்பது அதன் பொருள். 'காண்ட்லெட்' என்பது இரும்புக் கையுறை; பிரெஞ்சு மொழியில் கையுறையைக் குறிக்கும் 'காண்' என்னும் சொல்லின் குறுமை வடிவத்திலிருந்து வந்தது. கையுறையைத் தரையில் எறிந்தவன் அழைக்கிறான். அதனைக் குனிந்து எடுப்பவன் அழைப்பை ஏற்கிறான். இதனைத் தமிழ்ச் செய்தித்தாளுக்கு மொழிபெயர்ப்பவர் 'கையுறையை வீசினார்' என்று எழுதினால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது. 'சவால் விடுத்தார்', 'அறைகூவல் விடுத்தார்' என்னும் இரண்டில் ஒன்றையே அவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அவ்விரு சொற்களும் ஒரே பொருளுடையனவா, அவை இன்றும் எதிராளியை நோக்கித்தான் நிற்கின்றனவா என்பது ஆராயத்தக்கது.

ஆங்கிலத் தொடருக்குப் பின்னால் வெறும் உருவகம் மட்டும் இல்லை. சட்டமும் சடங்கும் உண்டு. இங்கிலாந்தில் மேரி ஆஷ்ஃபோர்டு என்னும் இளம்பெண் 1817-இல் இறந்தார். அவரைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஆபிரகாம் தார்ன்டன் விடுவிக்கப்பட்டார். இறந்தவரின் உடன்பிறந்தான் வில்லியம் ஆஷ்ஃபோர்டு பழைய சட்டமுறை ஒன்றைப் பயன்படுத்தி மேல்வழக்குத் தொடுத்தார். தார்ன்டனோ அதைவிடப் பழைய உரிமை ஒன்றைக் கோரினார்: போரிட்டுத் தம் குற்றமின்மையை நிறுவும் உரிமை. அரசவை நீதிமன்றத்திலேயே அவர் தம் கையுறையைக் கழற்றித் தரையில் எறிந்தார். 1818-இல் நீதிமன்றம் அவ்வுரிமை செல்லும் என ஏற்றது. உடல்வலியில் தார்ன்டனுக்கு ஈடாகாத ஆஷ்ஃபோர்டு அந்தக் கையுறையை எடுக்கவில்லை, வழக்கு முடிந்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் அம்முறையை ஒழித்தது. 1821-இல் நான்காம் ஜார்ஜின் முடிசூட்டு விருந்தின்போது, டைமோக் குடும்பத்தைச் சேர்ந்த அரச வீரர் குதிரையேறி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துள் வந்து, அரசுரிமையை மறுப்பவர் எவரேனும் உளரோ எனக் கையுறையை மூன்று முறை எறிந்தார். யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பிந்தைய முடிசூட்டு எதிலும் அச்சடங்கு நிகழவில்லை. செயல் மறைந்த பிறகும் தொடர் மட்டும் மொழியில் தங்கிவிட்டது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று. கையுறை எப்போதும் ஒருவர் முன்னால்தான் விழுகிறது. அதனை எடுக்கவோ எடுக்காதிருக்கவோ உரிமை பெற்ற ஒருவர் எதிரே நிற்கிறார். இலக்கணத்தின் சொல்லால் கூறினால், அறைகூவல் என்பது முன்னிலைச் செயல். 'நீ' இல்லாமல் அது நிகழாது.

சங்க இலக்கியம் இதனைத் தெளிவாகவே காட்டுகிறது. புறநானூற்றின் 9-ஆம் பாட்டு, பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது. போர் தொடங்குமுன் அவன் எதிரி நாட்டில் வாழ்வோருக்கு அறிவிப்பு விடுக்கிறான். பசுக்கள், பார்ப்பனர், பெண்டிர், பிணியாளர், பிதிர்க்கடன் செய்யப் புதல்வரைப் பெறாதோர் ஆகியோர் தத்தம் காவலிடத்தைச் சேருமாறு கூறி, அதன் பின்னரே அம்பு விடுவதாகச் சொல்கிறான். அறத்தின் பொருட்டுப் பலராலும் எடுத்துக்காட்டப்படும் பாட்டு இது. ஆனால் இதன் இலக்கணம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. அம்பு 'எம்' அம்பு. காவலிடம் 'நும்' அரண். வினையோ முன்னிலை ஏவல்.

'எம்' என்பது கேட்பவரை விலக்கிய தன்மைப் பன்மை. 'நம்' என்பது கேட்பவரையும் உள்ளடக்கிய உளப்பாட்டுப் பன்மை. இவ்வேறுபாடு தமிழில் இன்றும் 'நாங்கள்', 'நாம்' என வாழ்கிறது. போர் அறிவிப்பில் வருவது 'எம்' மட்டுமே. எதிரே நிற்பவர் தம்மவர் அல்லர் என்பதனையும், அவர் பேசத்தக்கவர், கேட்டு நடக்க நேரம் தரத்தக்கவர் என்பதனையும் அந்த ஒரே அமைப்பு ஒருங்கே உணர்த்திவிடுகிறது.

ஔவையார் அதியமான் நெடுமானஞ்சியைப் பாடிய 87-ஆம் பாட்டும் இவ்வகையினதே. பகைவரைத் 'தெவ்விர்' என விளித்து, களம் புகுவதைத் தவிர்க்குமாறு அப்பாட்டு எச்சரிக்கிறது. ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் முழுவதும் முயன்று செய்த ஒற்றைத் தேர்க்காலைப் போன்ற வீரன் தம்மிடம் இருக்கிறான் என்கிறது. அங்கும் வருவது 'எம்'. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம் இதே விளியோடு தொடங்குகிறது. தன் தலைவன்முன் வந்து நில்லாதீர் என்று பகைவருக்குச் சொல்லும் வீரன், அவ்வாறு முன்னின்றவர் பலர் இன்று கல்லாகி நிற்பதைக் காரணமாகக் காட்டுகிறான். அக்கல் நடுகல். செங்கம் வட்டாரத்திலும் இன்றைய சித்தூர்ப் பகுதியிலும் கிடைத்துள்ள நடுகற்களைக் கண்டவர்க்கு அக்குறளின் எச்சரிக்கை கற்பனையாகத் தோன்றாது.

தும்பைத் திணைக்குத் தொல்காப்பியம் கூறும் இலக்கணமும் இங்கே இயைபுடையது. மண்ணோ மாடோ அன்றித் தன் வலிமையை நிலைநாட்டுவதையே நோக்கமாகக் கொண்டு வந்த வேந்தனை எதிர்சென்று வெல்லுதல் தும்பை. இரு படையும் அப்பூவைச் சூடுவது, 'இங்கே இன்று எதிர்நிற்கிறோம்' என்பதற்கான பொது அடையாளம். இரும்புக் கையுறை செய்த வேலையைத் தமிழ் மரபில் பூ செய்தது. இன்றைய செய்தித்தாள் தேர்தல் களத்தைப் 'பலப்பரீட்சை' என்று எழுதும்போது, பெயர் மாறினாலும் வலிமையே பொருளான அந்தத் திணையின் கருத்துத்தான் திரும்ப வருகிறது.

சொற்போருக்கும் இம்மரபு உண்டு. பட்டினப்பாலை விவரிக்கும் காவிரிப்பூம்பட்டினத்தில், பல துறை கற்ற ஆசிரியர்கள் வாதத்துக்கு அழைக்கும் குறிப்போடு கொடிகளை ஏற்றியிருந்தனர். கொடியைக் கண்டு உள்ளே வருபவன் கையுறையை எடுத்தவனுக்கு ஒப்பானவன். மணிமேகலையில் இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன், வாதிட வல்லவர் முறையறிந்து பட்டிமண்டபம் ஏறுமாறு அழைக்கிறான். அதனுடன், தம்மோடு பொருந்தாத பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்லுமாறும் சொல்கிறான். அழைப்பும் அடக்கமும் ஒரே அறிவிப்பில் உள்ளன.

அறைகூவலோடு சேர்த்துக் குழப்பக்கூடாத வேறொரு பேச்சுவகையும் உண்டு. அது வஞ்சினம். புறநானூற்றின் 71, 72, 73-ஆம் பாட்டுகள் முறையே ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், சோழன் நலங்கிள்ளி ஆகியோரின் வஞ்சினங்கள். இளையவன் எனத் தன்னை எள்ளிய பகைவரைச் சிதைக்காவிட்டால் தன் குடிமக்கள் தன்னைக் கொடியவன் எனத் தூற்றுக என்கிறான் நெடுஞ்செழியன். மாங்குடி மருதனைத் தலைமையாகக் கொண்ட புலவர்கள் தன் நாட்டைப் பாடாது நீங்குக என்றும் சொல்கிறான். இங்கே பகைவர் படர்க்கையில் நிற்கின்றனர். கேட்போர் தன்னவர். பணயமாக வைக்கப்படுவது பேசுபவனின் சொந்தப் புகழ். 'நீ வா' என்பது அறைகூவல். 'நான் இதைச் செய்யாவிட்டால் எனக்கு இது நேர்க' என்பது வஞ்சினம். பிற்காலத்தில் 'சூளுரை' என்ற சொல் இந்த இரண்டாம் வகையையே குறிக்கிறது. (சூளூர்பேட்டை என்னும் ஊர்ப்பெயரைக் காணும் தமிழ் மாணவருக்குச் 'சூள்' நினைவுக்கு வரலாம். ஒலி ஒற்றுமை மட்டும் வேர்ச்சொல் ஆராய்ச்சிக்குப் போதாது.)

இப்போது தற்காலச் சொற்களுக்கு வரலாம். 'அறைகூவல்' என்பதில் உள்ள 'அறை' அடித்தலையும் சொல்லுதலையும் குறிக்கும்; முரசறைதல் என்பதில் இரு பொருளும் கலந்துள்ளன. கூவல் என்பது அழைத்தல். ஆக, ஓங்கி ஒலித்துப் போருக்கு அழைத்தலே இச்சொல்லின் பொருள். 'சவால்' நெடுந்தொலைவிலிருந்து வந்தது. அரபு மொழியில் கேள்வியைக் குறிக்கும் 'சுஆல்' பாரசீகம், உருது வழியாக இந்திய மொழிகளில் பரவியது. இந்தியிலும் உருதுவிலும் இன்றும் அதற்குக் கேள்வி என்பதே முதற்பொருள். இந்துஸ்தானி இசையில் இரு கலைஞர்கள் மாறி மாறி வாசிப்பது 'சவால்–ஜவாப்', அதாவது வினாவும் விடையும். மராட்டிய லாவணி மரபிலும் அது உண்டு. தஞ்சைப் பகுதியில் காமன் பண்டிகையின்போது, மன்மதன் எரிந்தான் என்போரும் எரியவில்லை என்போரும் எரிந்த கட்சி, எரியாத கட்சியாகப் பிரிந்து லாவணி பாடி வாதிட்டது அம்மரபின் தமிழ்க் கிளை. கேள்வி கேட்டல், 'முடிந்தால் விடை சொல்' என்று எதிராளியை மடக்குதலாகி, அதிலிருந்து போட்டிக்கு அழைத்தலாகத் தமிழிலும் தெலுங்கிலும் பொருள் விரிந்தது. ஆங்கிலச் 'சேலஞ்ச்' பொய்க்குற்றச்சாட்டைக் குறித்த இலத்தீன் 'கலும்னியா'விலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தில் குற்றச்சாட்டு, அரபில் கேள்வி, தமிழில் கூவல். மூன்றுக்கும் பொதுவானது, மறுமொழி சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் எதிரே இருக்கிறார் என்பதே.

இன்றைய தமிழில் அந்த எதிராளி மெல்ல மறைந்து வருகிறார். 'வேலைநிறுத்தத்துக்குத் தொழிற்சங்கங்கள் அறைகூவல்' என்ற தலைப்பைப் பாருங்கள். அழைக்கப்படுவோர் முதலாளிகள் அல்லர், தொழிலாளர்கள். எதிரியை நோக்கி எழுந்த கூவல் தன்னவரை நோக்கித் திரும்பிவிட்டது. 'சவால்' வேறு திசையில் நகர்ந்தது. 'சவாலான பணி', 'பருவநிலை மாற்றம் விடுக்கும் சவால்' என்னும் தொடர்களில் எதிரே நிற்பவர் எவரும் இல்லை. கடினமான வேலையோ இயற்கையோதான் இருக்கிறது. ஆங்கிலச் 'சேலஞ்ச்' அடைந்த பொருள்மாற்றத்தைத் தமிழ்ச் 'சவால்' பின்பற்றிய இடம் இது. ஒரு சொல் தன்மைப் பன்மைக்குள் புகுந்தது. மற்றொன்று அஃறிணையைத் தேடிச் சென்றது. முன்னிலை இரண்டிலும் தளர்ந்தது.

இம்மாற்றம் வெறும் அகராதிச் செய்தி அன்று. வட எல்லை வரலாறு அதற்குச் சான்று தருகிறது.

சூளூர்பேட்டை சென்னைக்கு வடக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையில், பழவேற்காடு ஏரியின் மேற்கே உள்ள ஊர். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்குச் செல்லும் வாயில். 1953 வரை சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது, பின்பு ஆந்திரத்தில், 2022 முதல் புதிய திருப்பதி மாவட்டத்தில். சென்னையின் புறநகர் ரயில்கள் இன்றும் அங்கே வரை செல்கின்றன. பழவேற்காடு ஏரியோ இரு மாநிலங்களுக்கும் பொதுவானது. போட்டியாளரைக் குறிக்கும் ஆங்கில 'ரைவல்', ஒரே ஓடையின் நீரைப் பகிர்பவர் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதை இவ்விடத்தில் நினைப்பது பொருத்தம். போட்டியாளர் தொலைவில் இருப்பவர் அல்லர், பக்கத்திலேயே இருப்பவர்.

மொழிவழி மாநிலக் கோரிக்கை முற்றிய ஆண்டுகளில் இந்நிலப்பரப்பு இரு இயக்கங்களின் களமாயிற்று. மயிலாப்பூரில் புலுசு சாம்பமூர்த்தியின் இல்லத்தில் பொட்டி ஸ்ரீராமுலு 1952 அக்டோபர் 19-இல் உண்ணாநோன்பு தொடங்கி, டிசம்பர் 15-இல் உயிர் நீத்தார். 1953 அக்டோபர் 1-இல் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் அமைந்தது. சென்னை நகரம் அதில் சேரவில்லை. திருப்பதி, திருத்தணி உள்ளிட்ட சித்தூர் மாவட்டம் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் 1946-இல் தொடங்கிய தமிழரசுக் கழகமும், மங்கலங்கிழார் போன்ற தமிழாசிரியர்களும் வட எல்லைப் பகுதிகளுக்காகப் போராடினர். வடவேங்கடத்தைத் தமிழ்கூறும் நல்லுலகின் எல்லையாகச் சொல்லும் தொல்காப்பியப் பாயிரம், இலக்கண வகுப்பிலிருந்து அரசியல் மேடைக்கு வந்தது. எச். வி. படாஸ்கரின் நடுவத்துக்குப் பிறகு 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறி, 1960 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது; செங்கற்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன.

அக்காலத்தின் இரு முழக்கங்கள் பலரும் அறிந்தவை. தெலுங்கில் 'மதராசு மனதே'. தமிழில் 'தலை கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்'. வரலாற்று நூல்கள் இவற்றை ஒன்றுக்கொன்று எதிரான அறைகூவல்கள் எனக் காட்டுவதுண்டு. இலக்கணம் அவ்வாறு சொல்லவில்லை.

தமிழைப் போலவே தெலுங்கிலும் உளப்பாட்டுப் பன்மை தனியே உண்டு. 'மன' என்பது கேட்பவரையும் சேர்த்த 'நம்'. 'மா' என்பது கேட்பவரை விலக்கிய 'எம்'. தமிழரை நோக்கி 'சென்னை எங்களுடையது' என்று சொல்வதானால் 'மாதே' என்றுதான் வந்திருக்க வேண்டும். முழக்கத்தில் வந்ததோ 'மனதே'. ஆகவே அது தெலுங்கர் தெலுங்கருக்குச் சொன்னது. எதிராளி அவ்வாக்கியத்தின் கேட்போர் கூட்டத்திலேயே இல்லை. தமிழ் முழக்கத்தின் 'காப்போம்' இவ்வேறுபாட்டைக் காட்டாது; சங்கத்தமிழின் வினைமுற்று விகுதிகளில் இருந்த உளப்பாட்டு வேறுபாடு இன்றைய 'ஓம்' விகுதியில் இல்லை. ஆனால் அதன் அமைப்பு தெளிவானது: தன் தலையைப் பணயமாக வைத்துத் தன்னவர் முன் உரைக்கும் உறுதி. நெடுஞ்செழியனின் வஞ்சினத்துக்கு அது நெருங்கிய உறவு. 'தெவ்விர்' என விளித்த ஔவையின் எச்சரிக்கைக்குத் தொலைவு. இரு முழக்கங்களிலும் 'நீ' இல்லை, 'நும்' இல்லை.

இதிலிருந்து அவ்வியக்கங்கள் எதிர்த்தரப்போடு பேசவேயில்லை என முடிவு கட்டுவது தவறாகும். மனுக்களும் பேச்சுவார்த்தைகளும் நடந்தன. எல்லையும் ஆவணங்களின் வழியாகவே தீர்ந்தது. சொல்லக்கூடியது இவ்வளவே: தெருவின் மொழி ஒரு தரப்புக்குள் திரட்டும் மொழியாக இருந்தது, எதிர்த்தரப்பை முன்னிலையில் நிறுத்திய மொழி நடுவர் முன்னும் அரசு அலுவலகங்களிலும் வழங்கியது. திருத்தணியும் சத்தியவேடும் இடம் மாறியதைத் தீர்மானித்தவை 'எமது, நுமது' என்று கிராமவாரியாகப் பிரித்துப் பார்த்த கோப்புகளே. முழக்கத்தின் இலக்கணம் அக்கணக்கைச் செய்யக்கூடியது அன்று. திரட்டலுக்கு 'நம்' வேண்டும். தீர்வுக்கு 'எம்'மும் 'நும்'மும் வேண்டும். முழக்கங்களை மட்டும் படித்து அக்காலத்தை எழுதுவோர் பகையை மிகுதியாகவும் உரையாடலைக் குறைவாகவும் மதிப்பிட்டுவிட வாய்ப்புண்டு.

முன்னிலை முற்றிலும் அழிந்துவிடவில்லை. கடும்போட்டியைக் குறிக்கத் தமிழர் இன்றும் 'நீயா நானா' என்கின்றனர். தெலுங்கர் 'நுவ்வா நேனா' என்கின்றனர். சொல்லுக்குச் சொல் ஒன்றே, வரிசையும் ஒன்றே. இரு மொழியும் தெரிந்த சூளூர்பேட்டைக்காரர் ஒருவர் இந்த மரபுத்தொடரை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல எதையும் மாற்ற வேண்டியதில்லை. 'நீ' முதலில் நிற்கிறது. வினா விகுதி இருவர்மேலும் ஒரே அளவில் விழுகிறது. கையுறையைப் போலவே இதுவும் இருவரைச் சமமாக எதிரெதிரே நிறுத்துகிறது. 'நீயா நானா' என்பது விவாத நிகழ்ச்சி ஒன்றின் பெயராகித் தொலைக்காட்சியில் பல்லாண்டுகள் நிலைத்ததற்கும் பட்டிமண்டப மரபுக்கும் இடையே தொடர்ச்சி காண்பது மிகையாகாது.

ஆகவே ஆங்கிலத் தொடரை மொழிபெயர்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது, அகராதியில் எச்சொல் உள்ளது என்பதை அன்று. யார் யாரை நோக்கிப் பேசுகிறார் என்பதையே. எதிராளியை நேரே அழைத்தால் 'சவால் விடுத்தார்' இன்றும் பொருந்தும். தன்னவரைத் திரட்டினால் 'அறைகூவல்' என்பதே இக்கால வழக்கு. தன்னையே பணயம் வைத்தால் 'சூளுரைத்தார்'. மூன்றையும் ஒன்றாக்கிவிடும் செய்தி, நடந்தது போட்டியா, திரட்டலா, உறுதிமொழியா என்பதை வாசகரிடமிருந்து மறைத்துவிடும்.

வட எல்லைப் போராட்டக் காலத்தின் துண்டறிக்கைகள், மேடை உரைகள், சட்டமன்றப் பேச்சுகள் ஆகியவற்றை இரு மொழியிலும் திரட்டி, அவற்றின் மூவிடப் பெயர்களையும் வினைமுற்றுகளையும் வகைப்படுத்துவது ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குப் போதிய பணி. 'நம்', 'மன' வருமிடங்கள் எவை; 'எம்', 'மா' வருமிடங்கள் எவை; எதிர்த்தரப்பு முன்னிலையில் விளிக்கப்பட்ட இடங்கள் எத்தனை; அவ்விளி எந்த ஆண்டுகளில் மிகுந்தது, எப்போது குறைந்தது? தமிழறிந்த ஆய்வாளர் ஒருவரும் தெலுங்கறிந்த ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை இது. ஒரு மொழியின் ஆவணங்களை மட்டும் வைத்துச் செய்தால், அதுவும் 'நம்' என்பதற்குள்ளேயே முடிந்துவிடும்.